பிளவு கண்ணில் படாத நிலநடுக்கம்: அலாஸ்கா 1964, ஒரு நிகழ்வு ஆய்வு

1964 மார்ச் 27, புனித வெள்ளி, மாலை 5.36 மணி. அலாஸ்காவின் தென்கரையில் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற உள்கடல் பகுதியின் வடகோடியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை முறிந்தது. நடுக்கம் அடங்க நான்கரை நிமிடம் ஆயிற்று. பெரும்பாலான நிலநடுக்கங்கள் சில நொடிகளில் ஓய்ந்துவிடுபவை. நிமிடக்கணக்கில் நீடிக்கிறது என்றால், முறிவு தொடங்கிய இடத்தோடு நிற்காமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பொருள். இன்றைய கணக்கில் அதன் அளவு 9.2. கருவிகளில் பதிவானவற்றில் இதைவிடப் பெரியது ஒன்றே ஒன்றுதான்: 1960 மே மாதம் சிலியைக் குலுக்கிய 9.5.

அளவுக்காக மட்டும் இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொள்ளவில்லை. நிலநடுக்கம் ஏன் வருகிறது என்று கேட்டால், ‘புவித்தட்டுகள் மோதுகின்றன’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த வரியில் பிழையில்லை, ஆனால் முக்கியமான பாதி விடுபட்டிருக்கிறது. தட்டுகள் ஓயாமல் நகர்கின்றன. நிலமோ எப்போதாவதுதான் நடுங்குகிறது. தட்டுகளின் விளிம்பு எங்கே நகர முடியாமல் பூட்டிக்கொள்கிறதோ, அங்கேதான் பெரிய நிலநடுக்கம் கருக்கொள்கிறது. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்தில் அந்தப் பாதியை மனிதர்கள் விரிவாக அளந்து பார்த்தது அலாஸ்காவில்தான். புவித்தட்டுக் கொள்கை முழு வடிவம் பெறுவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்தது என்பதுதான் இந்த நிகழ்வின் சிறப்பு.

அன்று மாலை

உயிரிழந்தோர் ஏறத்தாழ 130 பேர். இவ்வளவு பெரிய நிலநடுக்கத்துக்கு இது குறைந்த எண்ணிக்கைதான். மக்கள் நெருக்கம் குறைந்த பகுதி. பல வீடுகள் மரத்தால் ஆனவை. விடுமுறை என்பதால் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை. இடிபாடுகளில் சிக்கி இறந்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோரைக் கொண்டுபோனது தண்ணீர்.

முறிவு தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளியான மேல்மையத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஆங்கரேஜ் நகரத்துக்கு நேர்ந்த சேதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் அதன் அடியில் இருந்த களிமண். வண்டல் கலந்த அந்த அடுக்கு அமைதியாக இருக்கும்வரை வீடுகளைத் தாங்கும். தொடர்ந்து குலுக்கினால் வலுவிழந்துவிடும். குலுக்கல் அரை நிமிடத்தில் நின்றிருந்தால் பெரும்பகுதி தப்பியிருக்கலாம். நிமிடக்கணக்கில் நீடித்ததால், டர்னகெய்ன் ஹைட்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியில் கடலோர மேட்டுநிலம் இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்குத் துண்டு துண்டாக உடைந்து கடலை நோக்கிச் சரிந்தது. எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் அதனோடு போயின. நான்காவது அவென்யூவில் கடைகள் இருந்த ஒரு பக்கம் அப்படியே சுமார் 3 மீட்டர் கீழே இறங்கியது.

வால்டீஸ் துறைமுகத்தில் நடந்தது இதைவிடக் கொடியது. அந்த ஊர், ஆறு கொண்டுவந்து கொட்டிய தளர்வான மணல், சரளைப் படிவின்மேல் அமைந்திருந்தது. நடுக்கம் தொடங்கிய சற்று நேரத்தில் படிவின் முன்பகுதி கடலுக்குள் வழுக்கி இறங்கியது. சரக்கு இறங்குவதைப் பார்க்கத் துறைமேடையில் கூடியிருந்தவர்கள் மேடையோடு சேர்ந்து மறைந்தார்கள். ஏறத்தாழ 30 பேர். சரிந்த மண் எழுப்பிய அலை, நிலம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே கரையைத் தாக்கியது. பின்னர் ஊரையே சில கிலோமீட்டர் தள்ளி, உறுதியான நிலத்தில் புதிதாகக் கட்டினார்கள். பூர்வகுடிகள் வாழ்ந்த செனீகா என்ற சிற்றூரில் மூன்றில் ஒரு பங்கு மக்களை அலை கொண்டுபோயிற்று.

அலாஸ்காவில் இறந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி உள்ளூரிலேயே எழுந்த அலைகளுக்குப் பலியானவர்கள். அவற்றுக்கு எந்த எச்சரிக்கை நிலையமும் நேரத்தில் தகவல் கொடுத்திருக்க முடியாது. கடலோரத்தில் நிற்பவருக்கு நீண்ட நடுக்கமே எச்சரிக்கை என்று இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இப்படிப்பட்ட இழப்புகளிலிருந்து வந்ததுதான். கடலடி உயர்ந்ததால் எழுந்த பெரிய சுனாமி தனி. அது நான்கு மணி நேரத்துக்குப் பிறகு கலிஃபோர்னியாவின் கிரெசன்ட் சிட்டியை அடைந்தது. முதல் அலைகள் சிறியவை என்பதால் சிலர் கடைகளைச் சுத்தம் செய்யத் திரும்பியிருந்தார்கள். நான்காவது அலைதான் பெரியது.

பிளவு எங்கே?

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. சான் ஆண்ட்ரியாஸ் பிளவு தரையில் கோடு கிழித்தாற்போல் ஓடியது. அதைக் கடந்துசென்ற வேலிகளும் சாலைகளும் சில மீட்டர் விலகிக் கிடந்தன. அதை அளந்துதான் ஹாரி ஃபீல்டிங் ரீட் தன் மீள்நிமிர்வுக் கொள்கையை முன்வைத்தார். பிளவின் இருபுறமும் உள்ள நிலம் எதிரெதிராக நகர முயல்கிறது. பிளவில் உராய்வு இறுகப் பிடித்திருப்பதால் பாறை வளைகிறது. வளைவு தாங்கும் எல்லையை மீறும்போது பிடி விட்டுப்போய்ப் பாறை நிமிர்கிறது. பிளாஸ்டிக் அளவுகோலை வளைத்துக்கொண்டே போய்ச் சட்டென்று விட்டால் அது துடித்து நிமிர்வதைப் போலத்தான். அந்தத் துடிப்பே நிலநடுக்கம்.

ஆகவே 1964-இலும் வல்லுநர்கள் முதலில் தேடியது ஒரு பிளவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்தர் கிரான்ட்ஸ், ஜார்ஜ் பிளாஃப்கர், ரூபன் கச்சதூரியன் மூவரும் நிலநடுக்கம் நடந்த ஓரிரு நாளில் களத்தில் இருந்தார்கள். நிலம் கலைந்திருந்த பரப்பு ஓர் ஐரோப்பிய நாட்டின் அளவுக்கு விரிந்திருந்தது. இத்தனை பெரிய முறிவுக்குரிய பிளவு நிலப்பரப்பில் எங்குமே தென்படவில்லை. மான்டேகு என்ற தீவில் மட்டும் இரண்டு பிளவுகள் தரையைக் கிழித்திருந்தன. அவை கிளைகள்தான், முழு நிகழ்வையும் அவற்றின் தலையில் சுமத்த முடியாது.

நில அதிர்வுப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்தால் அவை இரண்டு பதில் சொல்லின. ஒரு நிலநடுக்கத்தின் முதல் அலை சில நிலையங்களில் மேல்நோக்கித் தள்ளுவதாகவும் சிலவற்றில் கீழே இழுப்பதாகவும் பதிவாகும். உலகெங்கும் கிடைத்த பதிவுகளை வைத்து இரண்டு தளங்களை வரையலாம். அவற்றில் ஒன்றுதான் உண்மையான பிளவுத்தளம். மற்றது கணிதம் தரும் நிழல். எது எது என்று அந்தப் பதிவுகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அலாஸ்காவுக்குக் கிடைத்த இரண்டில் ஒன்று ஏறத்தாழ செங்குத்தானது, மற்றது ஏறத்தாழ கிடையானது. அக்காலத்தின் முன்னணி நிலநடுக்கவியலாளர்களில் ஒருவரான ஃபிராங்க் பிரெஸ் செங்குத்தான தளத்தைத் தேர்ந்தார். நூறு கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கும் பிளவு அது என்பது அவர் முடிவு. அன்றிருந்த அறிவுக்கு அது இயல்பான தேர்வும்கூட.

கொட்டலசு சொன்ன சாட்சி

பிளாஃப்கர் நிலநடுக்கவியலாளர் அல்லர். கள ஆய்வு செய்யும் புவியியலாளர். அவரிடம் இருந்த கேள்வி எளியது: எந்த இடம் எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த இடம் எவ்வளவு இறங்கியிருக்கிறது? ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வளைந்து செல்லும் கடற்கரையில் அலையளவு நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வேறொரு அளவுகோல் தேவைப்பட்டது. பாறைகளில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது அது.

பார்னக்கிள் என்று சொல்லப்படும் கொட்டலசு, படகின் அடியிலும் கடலோரப் பாறையிலும் கூம்பு கூம்பாகப் பற்றிக்கொள்ளும் ஓட்டுயிரி. ஓரிடத்தில் ஒட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்க அங்கேயேதான். கடல் ஏற்றத்தின்போது நீர் வந்து நனைத்தால்தான் அது பிழைக்கும். அதனால் பாறையில் அதன் மேல் எல்லை, யாரோ மட்டம் பார்த்துக் கோடு போட்டதுபோல் இருக்கும்; ஓர் ஊரின் உயரேற்ற மட்டத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள உறவு பெரிதாக மாறாது. நிலம் திடீரென்று உயர்ந்தால் கொட்டலசுகள் நீரெட்டாமல் காய்ந்து செத்து, வெளுத்த பட்டையாகப் பாறையில் நிற்கும். பழைய கோட்டுக்கும், அந்தக் கோடு இப்போது இருந்திருக்க வேண்டிய மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் நிலம் ஏறிய உயரம் கிடைத்துவிடும். கோடு நீருக்கடியில் போயிருந்தால் நிலம் இறங்கியிருக்கிறது. 1964 கோடையில் புதிய குஞ்சுகள் பாறையில் ஒட்டத் தொடங்கியதும் வேலை இன்னும் எளிதாயிற்று. பழைய கோடு, புதிய கோடு இரண்டும் ஒரே பாறையில் கிடைத்தன.

படகிலும் சிறு விமானத்திலும் சென்று நூற்றுக்கணக்கான இடங்களில் இப்படி அளந்தார்கள். மான்டேகு தீவின் தென்மேற்கில் முந்தைய கடலடி 11 மீட்டருக்கும் மேல் எழும்பி நின்றது. கடலுக்கடியில் இருந்த பாறைத்தளம் அகன்ற வெண்ணிறத் திட்டாக வெயிலில் கிடந்தது. அந்த வெண்மை, அதன்மேல் வாழ்ந்து மடிந்த சுண்ணாம்புப் பாசிகளும் சிற்றுயிர்களும் விட்டுச்சென்றது. மறுபுறம், ஆங்கரேஜுக்குத் தென்கிழக்கே போர்ட்டேஜ் என்ற ஊர் சுமார் 2 மீட்டர் தாழ்ந்து, உயரேற்றத்தின்போது கடல் ஊருக்குள் வந்தது. கரையோர ஸ்புரூஸ் மரங்கள் வேரில் உப்புநீர் ஏறி நின்ற நிலையிலேயே பட்டுப்போயின.

அளவுகளை வரைபடத்தில் குறித்தபோது ஒழுங்கு புலப்பட்டது. கடல் பக்கம் ஒரு நீண்ட பட்டை முழுவதும் உயர்ந்திருந்தது. நிலத்தின் பக்கம் அதற்கு இணையான இன்னொரு பட்டை முழுவதும் தாழ்ந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே ஏறாமலும் இறங்காமலும் ஒரு கோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. முழு நீளம் ஏறத்தாழ 800 கிலோமீட்டர்.

செங்குத்தான பிளவு என்றால் அது அந்த நடுக்கோட்டின் அடியில்தான் இருக்க வேண்டும். கோட்டின் ஒருபுறம் மேலேறவும் மறுபுறம் கீழிறங்கவும் தரை அங்கே வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு நிலம் வழுவழுப்பாக மாறியிருந்தது. பின்னதிர்வுகளும் அந்தக் கோட்டில் வரிசை கட்டி நிற்காமல், உயர்ந்த பட்டை முழுவதும் ஆழம் குறைந்த இடங்களில் பரவிக்கிடந்தன. பிறகு செய்த நில அளவைகள் இன்னொன்றையும் காட்டின: நிலம் மேலும் கீழும் மட்டுமா போயிற்று? லாட்டூஷ் தீவு தென்கிழக்காக, அதாவது கடலை நோக்கி, சுமார் 18 மீட்டர் நகர்ந்திருந்தது. செங்குத்துப் பிளவால் இப்படி நிலத்தைக் கடலை நோக்கி நீட்ட முடியாது.

1965-இல் ‘சயன்ஸ்’ இதழில் பிளாஃப்கர் எழுதிய கட்டுரை கிடையான தளத்தின் பக்கம் நின்றது. நிலத்தடியில் சிறு சரிவோடு கண்டத்தை நோக்கி இறங்கும் ஒரு மாபெரும் பிளவு. அதன் மேல்பகுதியான கண்டம், கீழ்ப்பகுதியான கடலடிக்கு மேலாகச் சறுக்கி ஏறியிருக்கிறது. தரையில் பிளவு தெரியாததற்குக் காரணம், அது வெளிப்படும் இடம் கரைக்கு வெகுதொலைவில், அலூஷியன் அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தை ஒட்டிய கடலடியில் இருப்பதுதான். பிறகு 1968-இல் அவர் சிலிக்குச் சென்று 1960 நிலநடுக்கத்தின் கரையை அளந்தார். அதே ஒழுங்கு அங்கேயும் இருந்தது.

என்னை இந்த நிகழ்வில் அதிகம் பிடித்து நிறுத்துவது இந்த இடம்தான். பிளாஃப்கரின் கட்டுரை வந்த 1965, ‘புவித்தட்டு’ என்ற சொல்லாட்சியே புழக்கத்துக்கு வராத ஆண்டு. கொள்கை வந்து சான்றைத் தேடச் சொல்லவில்லை. சான்று வந்து கொள்கைக்காகக் காத்திருந்தது.

கொள்கை வந்து சேர்ந்தது

கடலடி மலைத்தொடர்களான நடுமுகடுகளில் புதிய தரை பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று புவியியலாளர் ஹாரி ஹெஸ் 1962-இல் எழுதியிருந்தார். 1963-இல் வைன், மாத்யூஸ் இருவரும் கடலடிப் பாறையில் பதிந்த காந்தப் பட்டைகளை அதற்கு ஆதாரமாக்கினர். தரை பிறந்துகொண்டே இருந்தால் பூமி வீங்கிக்கொண்டே போக வேண்டும். போகவில்லை என்பதால் வேறெங்கோ அது அழிய வேண்டும். அந்த ‘வேறெங்கோ’வில் என்ன நடக்கிறது என்பதை அலாஸ்கா காட்டியது.

1967-இல் மெக்கன்சியும் பார்க்கரும் வட பசிபிக்கின் ஓரம் முழுக்க நடந்த நிலநடுக்கங்களில் பாறை எந்தத் திசையில் சறுக்கியது என்று பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் பக்கவாட்டுச் சறுக்கல். அலாஸ்காவில் அடியில் நுழைதல். வேறு வேறு வகை நிலநடுக்கங்களாகத் தோன்றினாலும், பசிபிக் தளம் முழுவதும் ஒரே விறைப்பான ஓடாகத் திரும்பி நகர்கிறது என்று வைத்துக்கொண்டால் எல்லாத் திசைகளும் சரியாகப் பொருந்தின. ஒரே நகர்வுதான், விளிம்பு அதற்கு இணையாக ஓடும் இடத்தில் உரசல், குறுக்கே நிற்கும் இடத்தில் அமிழ்வு.

அலாஸ்காவின் அடியில் பசிபிக் தட்டு ஆண்டுக்கு சுமார் 5.5 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. மேலுள்ள வட அமெரிக்கத் தட்டோடு அது உரசும் தளத்தின் ஆழம் குறைந்த பகுதி பூட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தட்டு இறங்கும்போது மேல்தட்டின் முன்விளிம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. விளிம்பு தாழ்கிறது, பின்னால் உள்ள நிலம் நெருக்கப்பட்டு மெல்ல உப்புகிறது. நூற்றாண்டுக்கணக்கில் இது நடக்கும்போது கரையில் வாழ்பவருக்கு எதுவும் தெரியாது. பூட்டு உடையும் நாளில் முன்விளிம்பு துள்ளி மேலேறுகிறது; கடலையும் தூக்குகிறது, அதுவே சுனாமி. பின்னால் உப்பியிருந்த நிலம் நெருக்கடி நீங்கி நீண்டு தொய்கிறது. மான்டேகு ஏறியதும் போர்ட்டேஜ் இறங்கியதும் ஒரே நிமிர்வின் இரு முனைகள்.

அன்று பதிவான பழைய முறை அளவு 8.5-ஐ ஒட்டியே இருந்தது. அந்த முறை ஒரு குறிப்பிட்ட கால அளவுள்ள அலையின் உயரத்தை மட்டும் பார்க்கும். நிலநடுக்கம் மிகப் பெரிதானால் அந்த உயரம் ஒரு கட்டத்துக்குமேல் கூடாது. 1977-இல் ஹிரோ கனமோரி வேறு வழியில் கணக்கிட்டார்: பாறையின் விறைப்பு, முறிந்த பரப்பு, சறுக்கிய தூரம் மூன்றின் பெருக்கல். 800 கிலோமீட்டர் நீளம், 250 கிலோமீட்டர் அகலம், சராசரியாக 10 மீட்டர் அளவிலான சறுக்கல் என்று போட்டுப் பார்த்தால் விடை 9.2-க்கு வந்து நிற்கும். உந்தத்திறன் ஒப்பளவு என்று நாம் இன்று செய்திகளில் பார்க்கும் எண் இதுதான். அந்த எண்ணுக்குள் ஒரு பரப்பும் ஒரு தூரமும் இருக்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் செய்தியைப் படிப்பதே வேறு மாதிரி ஆகிவிடும்.

வகுத்தால் வராத விடை

10 மீட்டரை ஆண்டுக்கு 5.5 சென்டிமீட்டரால் வகுத்தால் 180 ஆண்டு சொச்சம். அப்படியென்றால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை அலாஸ்காவில் இது வர வேண்டும் என்று தோன்றும். மண் வேறு கணக்குச் சொல்கிறது. கரையோரச் சதுப்புகளில் தோண்டினால் மக்கிய தாவரப் படிவின்மேல் கடற்சேறு, அதன்மேல் மீண்டும் தாவரப் படிவு என்று அடுக்குகள் மாறி மாறி வரும். தாவரங்கள் வளர்ந்த தரை திடீரென்று தாழ்ந்து கடலுக்குள் போனதன் தடம் ஒவ்வொரு மாற்றமும். அவற்றின் காலத்தைக் கணித்ததில், 1964-க்கு முந்தைய இதுபோன்ற பெரிய முறிவு சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. சராசரி இடைவெளி 600 ஆண்டு அளவில் இருக்கிறது.

இடைவெளி ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? பிளவுத்தளம் முழுவதும் ஒரே மாதிரி பூட்டிக்கொள்வதில்லை. சில திட்டுகள் இறுகிப் பிடிக்கின்றன, சில இடங்கள் ஓசையில்லாமல் நழுவுகின்றன. ஆங்கரேஜை ஒட்டிய குக் இன்லெட் என்ற கடற்கழிப் பகுதியின் அடியில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீளும் மெதுவான சறுக்கல்கள் நடந்திருப்பதைச் செயற்கைக்கோள் நிலையளவிகள் காட்டியுள்ளன. யாரும் உணராத சறுக்கல்கள் அவை. ஆகவே நிலநடுக்கத்துக்குத் தேதி குறிக்கும் எந்த அறிவிப்பையும் நம்ப வேண்டாம் என்று சொல்வதற்கு அலாஸ்காவின் இந்தக் கணக்கே போதும். எந்த இடத்தில், எந்த அளவில், எத்தனை காலத்துக்கு ஒருமுறை என்ற நிகழ்தகவைச் சொல்லலாம். அதை வைத்துத்தான் கட்டட விதிகளும் அலை வெளியேற்ற வரைபடங்களும் எழுதப்படுகின்றன. அவை பயனுள்ள வேலைகள். தேதி சொல்வது அப்படியல்ல.

அதே ஒழுங்கு வேறு கரைகளில்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் உப்புநீரில் பட்டுப்போன பழைய காடுகளையும் புதைந்த சதுப்பு நிலங்களையும் 1980-களில் பிரையன் அட்வாட்டர் கண்டபோது, அவற்றைப் படிக்க உதவியது அலாஸ்கா தந்த பாடம். பெரிய நிலநடுக்கம் எதுவும் எழுத்தில் பதிவாகாத கரை அது. ஜப்பானியப் பதிவேடுகளில் நடுக்கமே இல்லாமல் வந்ததாகக் குறிக்கப்பட்ட ஒரு சுனாமியோடு சேர்த்துப் பார்த்து, 1700 ஜனவரி 26 என்ற நாளே பிறகு உறுதியாயிற்று.

2004 டிசம்பர் 26-இல் சுமத்ரா முதல் அந்தமான் வரை முறிந்தபோதும் அதே ஒழுங்குதான். சுமத்ராவுக்கு மேற்கே சிமலூ தீவின் ஒரு பகுதியில் பவளப்பாறைகள் நீருக்குமேல் எழும்பி வெயிலில் மடிந்தன. வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்தது. போர்ட் பிளேர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை சுமார் 4 மீட்டர் இறங்கி, கலங்கரை விளக்கத்தின் அடி கடலுக்குள் போயிற்று. கொட்டலசின் இடத்தில் பவளம் சாட்சி சொன்னது.

இன்று மான்டேகு தீவு செயற்கைக்கோள் அளவையில் வடமேற்காக, ஏறத்தாழ பசிபிக் தட்டின் வேகத்திலேயே நகர்கிறது. அதாவது அதன் அடியில் பூட்டு மறுபடி விழுந்துவிட்டது. ஆங்கரேஜுக்குத் தெற்கே உள்ள கீனை தீபகற்பத்தின் மேற்குப் பகுதியோ, நிலநடுக்கம் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் எதிர்த்திசையில், கடலை நோக்கியே நகர்ந்துகொண்டிருந்தது. ஆழத்தில் சூடான பாறை இன்னும் மெல்லச் சரிசெய்துகொள்கிறது.

இவை எல்லாம் நிலத்தில் நிற்கும் கருவிகள் சொல்பவை. அகழியை ஒட்டிய பகுதி பூட்டியிருக்கிறதா, நழுவுகிறதா என்பதை அங்கிருந்து தெளிவாகப் பார்க்க முடியாது. சுனாமியின் உயரத்தைத் தீர்மானிப்பதில் அந்தப் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. 2011-இல் ஜப்பானின் தோஹோகு நிலநடுக்கத்தின்போது, கடலடியில் முன்கூட்டியே வைத்திருந்த ஒரு நிலையளவி சுமார் 24 மீட்டர் நகர்ந்திருந்தது. அகழிக்கருகே சறுக்கல் 50 மீட்டர் அளவுக்குப் போயிருக்கிறது என்ற முடிவுக்கு இப்படிப்பட்ட கடலடி அளவுகள் வழிகாட்டின. கப்பலில் சென்று ஒலியலை அனுப்பி அளக்க வேண்டிய, செலவு பிடிக்கும் கருவிகள் அவை. அமிழ்வு மண்டலங்களின் பெரும்பகுதியில் இன்னும் அவை இல்லை. அலாஸ்காவின் கடலடியில் சில இடங்களில் வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கரையோரம் கோடிக்கணக்கான மக்கள் வாழும் மற்ற அகழிகளிலும் அவற்றை வைக்க வேண்டும். வைத்த பிறகு நம்பத்தக்க ஒரு வேகக் கணக்கு கிடைக்கவே பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அளக்க வேண்டியிருக்கும்.